யூரிப்பிடீஸ் வென்றவரே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"கிரேக்கத் துன்பியல் கவிஞர் யூரிப்பிடீஸ் தம் ஊராரிடம் வென்றவரா, தோற்றவரா?" இதுதான் தலைப்பு. அவர் ஊர் ஏதென்ஸ். வென்றவரே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கணக்கோடு வந்தார். யூரிப்பிடீஸ் எழுதியவை 90க்கு மேல், உயிரோடு இருந்தபோது பெற்ற முதல் பரிசு 4தான், கி.மு. 431இல் 'மெடியா'வோடு போட்டியிட்டபோது மூன்று பேரில் மூன்றாம் இடம் என்றார். எண்களில் பிழையில்லை. கணக்குப் போட்ட விதத்தில்தான் பிழை. ஏதென்ஸில் தனி நாடகத்துக்குப் பரிசில்லை ஐயா. நான்கு நாடகங்கள் சேர்ந்த தொகுதிக்கு ஒரு பரிசு. அப்படிப் பார்த்தால் இருபத்துச் சொச்சம் போட்டிகளில் நான்கு வெற்றி. இறந்த பிறகு ஐந்தாவதும் வந்தது. மதுக் கடவுளான தயோனிசஸின் பெருவிழாவில் துன்பியல் போட்டிக்கு ஆண்டுக்கு மூன்றே கவிஞர்கள். அதிகாரி தேர்ந்தெடுத்துப் பாடற்குழு கொடுத்தால்தான் மேடை ஏற முடியும். வேண்டாதவரையா அந்த ஊர் திரும்பத் திரும்ப அழைத்தது?

பரிசை விடுங்கள். கி.மு. 415க்கு வாருங்கள்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் மீலோஸ் தீவு ஏதென்ஸ் படையிடம் சரணடைந்தது. ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். வசந்தம் வந்தது. அக்ரோபோலிஸ் குன்றின் சரிவில் அதே ஏதென்ஸ் மக்கள் விழா பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் முன் யூரிப்பிடீஸ் வைத்தது 'டிராய் நகரப் பெண்கள்'. மீலோஸ் என்ற பெயர் அதில் இல்லை. இருப்பது எரியும் ஒரு நகரம், கப்பலுக்காகக் காத்திருக்கும் பெண்கள், வென்றவர்கள் கிரேக்கர்கள்.

அதில் ஒரு காட்சி. டிராய் வீரன் ஹெக்டரின் சின்ன மகன் வளர்ந்தால் பகை முடிப்பான் என்று அஞ்சி, கிரேக்கர்கள் அவனைக் கோட்டை மதிலிலிருந்து எறிந்து கொல்கிறார்கள். உடலை அப்பனின் கேடயத்தின் மேல் வைத்துக் கொண்டுவருகிறார்கள். பாட்டி ஹெகுபா புலம்புகிறாள். "பாட்டி, நீ இறந்தால் என் முடியை வெட்டி வைப்பேன், என் தோழர்களைக் கூட்டிக்கொண்டு உன் கல்லறைக்கு வருவேன் என்றாயே! இப்போது ஊரும் பிள்ளைகளும் போன இந்தக் கிழவி உன்னைப் புதைக்கிறேனே!" அடுத்துக் கேட்கிறாள்: உன் கல்லறையில் என்ன எழுதுவார்கள்? "இந்தக் குழந்தைக்குப் பயந்து கிரேக்கர்கள் இவனைக் கொன்றார்கள்" என்றா? கிரேக்க நாட்டுக்கே அது வெட்கமல்லவா?

இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களும் கிரேக்கர்கள்தான் ஐயா. பகைவன் வீட்டுக் கிழவியின் ஒப்பாரியை வென்றவன் காதில் விழ வைத்த அந்தத் துணிவை நான் கும்பிடுகிறேன். அந்தத் தொகுதிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்கிய செனொக்ளீஸின் நாடகங்களில் ஒன்றுகூட இன்று முழுதாக இல்லை.

நகைச்சுவைக் கவிஞர் அரிஸ்டோபனீஸின் 'தவளைகள்' நாடகத்தை அடுத்த ஆயுதமாக எடுத்தார்கள். யூரிப்பிடீஸ் இறந்த மறு ஆண்டு, கி.மு. 405இல் மேடையேறியது. பாதாளத்தில் மூத்த துன்பியல் கவிஞர் ஈஸ்கிலஸும் யூரிப்பிடீஸும் வாதாடுகிறார்கள்; நடுவராக இருக்கும் தயோனிசஸ் ஈஸ்கிலஸுக்குத் தீர்ப்புச் சொல்கிறார். உண்மைதான். ஆனால் அதில் யூரிப்பிடீஸின் வரிகளை எடுத்தெடுத்துக் கேலி செய்கிறார்களே, அரங்கம் சிரிக்க வேண்டுமானால் அந்த வரிகள் அரங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தோற்றவன் வரியை எந்த ஊர் நெஞ்சில் வைத்துக்கொள்ளும்?

வைத்திருந்தார்கள் என்பதற்குச் சான்று சிசிலித் தீவில் இருக்கிறது. 'டிராய் நகரப் பெண்கள்' வந்த அதே ஆண்டு ஏதென்ஸின் பெரும்படை அங்கே கப்பலேறிப் போனது. கி.மு. 413இல் அடியோடு அழிந்தது. பிடிபட்டவர்கள் 7,000 பேருக்குக் குறையாது என்கிறார் அந்தக் கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். கல் குவாரிகளில் அடைத்தார்கள். பகலில் வெயில், இரவில் குளிர், அரை வயிற்றுக்கும் காணாத தானியம், பக்கத்திலேயே பிணங்கள். மீலோஸ் பெண்கள் நின்ற இடத்தில் இப்போது ஏதென்ஸின் பிள்ளைகள்.

சிசிலிக்காரர்களுக்கு யூரிப்பிடீஸ் பாட்டென்றால் உயிர் என்று பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். தெரிந்த வரிகளைச் சொல்லிக்கொடுத்து அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் உண்டாம். போருக்குப் பின் திக்கற்று அலைந்தபோது பாடிக் காட்டிச் சோறும் தண்ணீரும் பெற்றவர்கள் உண்டாம். உயிரோடு ஊர் திரும்பியவர்களில் பலர் யூரிப்பிடீஸைத் தேடிப் போய் நன்றி சொன்னார்களாம்.

நடுவர் அவர்களே, அவரைத் தேடிப் போனவர்களும் ஏதென்ஸ் ஊரார்தான். அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.