வட்ட முகமா, சதுர முகமா? முதலில் மூக்கைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மூக்குக் கண்ணாடிக்கு ஃபிரேம் எடுக்க வருபவர்கள் இப்போதெல்லாம் நாற்காலியில் உட்காரும்போதே கேட்டுவிடுகிறார்கள்: "எனக்கு வட்ட முகம்தானே? எந்த மாடல் எடுப்பாக இருக்கும்?" ஃபிரேம் பொருத்திக் கொடுப்பதுதான் என் தொழில். அதனால் இன்றைக்கு அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் சொல்லும் விதியை முதலில் பார்த்துவிடுவோம். முகத்தில் எது தூக்கலாகத் தெரிகிறதோ, அதற்கு மாறானதை ஃபிரேமில் தேடு என்பதுதான் அது. கன்னம் நிறைந்து, அகலமும் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வட்ட முகம். அதற்குக் கோணம் உள்ள செவ்வக ஃபிரேம். நெற்றியும் தாடையும் ஒரே அகலத்தில் இருந்தால் சதுர முகம்; அதற்கு வட்டமோ நீள்வட்டமோ. முகம் நீளமாக இருந்தால் உயரம் கூடுதலான ஃபிரேம். நெற்றி அகன்று முகவாய் குறுகினால், மேல் விளிம்பு கனமில்லாத ஃபிரேம். நீள்வட்ட முகக்காரர்களுக்கு எதைப் போட்டாலும் பொருந்தும் என்பார்கள். கொடுத்து வைத்தவர்கள்.

இந்த விதி பொய்யில்லை. ஆனால் பெரும்பாலான முகங்கள் படத்தில் போட்டிருப்பதுபோல ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. மேல் பாதி சதுரமாகவும் கீழ்ப் பாதி வட்டமாகவும் இருக்கும். தாடி வளர்த்தாலோ முடியை வெட்டினாலோ அதே முகம் வேறாகத் தெரியும். அதோடு, இந்த விதி முகத்தைச் சமன்செய்யப் பார்க்கிறது. சமன்செய்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? வட்ட முகத்துக்கு வட்டக் கண்ணாடி போட்டு, அதையே தன் அடையாளமாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு ஃபிரேம் எடுபடவில்லை என்றால், என் பார்வையில், பெரும்பாலும் காரணம் வடிவம் அல்ல, அளவு. கண்ணாடி முகத்தின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முகம் சுருங்கித் தெரியும். குறுகலாக இருந்தால் காதுக் கம்பிகள் விரிந்து, காதுக்கு முன்னால் உள்ள பொட்டுப் பகுதியை அழுத்தும். முகமும் பெருத்துத் தெரியும். ஃபிரேமின் அகலமும் முகத்தின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்துவிட்டால், வடிவத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் முகம் ஏற்றுக்கொள்ளும்.

அளவை எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணாடி போட்டிருப்பவர்கள் இப்போதே கழற்றி, காதில் மாட்டும் கம்பியின் உட்பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில், 52, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், 18, அப்புறம் 140 என்பதுபோல ஏதாவது இருக்கும். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. 52 என்பது ஒரு லென்ஸின் அகலம். 18 என்பது மூக்கின் மேல் இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. 140 என்பது காதுக் கம்பியின் நீளம், வளைவையும் சேர்த்து.

முதல் இரண்டையும் கூட்டுங்கள்: 70. இதை உங்கள் கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிட வேண்டும். கடையில் 'பி.டி.' என்று அளந்து எழுதுவது அதைத்தான். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 54க்கும் 74க்கும் இடையில் இருக்கும். உங்களுடையது 62 என்று வைத்துக்கொள்வோம். 70இல் 62 போனால் 8. அப்படியென்றால் ஒவ்வொரு கண்ணும் லென்ஸின் நடுவிலிருந்து 4 மில்லிமீட்டர் மூக்கின் பக்கம் தள்ளி நிற்கும். இந்த அளவு பரவாயில்லை. பெரிய ஃபிரேம்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டு இந்த வித்தியாசம் 14, 16 என்று போனால், இரண்டு கண்களும் மூக்கோடு ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் மாறுகண் போலவே தெரியும். முகத்தில் ஏதோ சரியில்லை என்று பார்ப்பவருக்குப் படும். ஏன் என்று சொல்லத் தெரியாது.

இனி மூக்கு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக் கண்ணாடி தோன்றியபோது காதுக் கம்பியே கிடையாது. மூக்கில் இடுக்கி வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கையில் பிடித்துக்கொள்வார்கள். பக்கவாட்டுக் கம்பி வந்தது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இன்றைக்கும் கண்ணாடியின் எடையில் பெரும்பங்கைச் சுமப்பது மூக்குதான். காது, நழுவாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. மூக்குத்தண்டு தாழ்ந்தவர்கள், பாலம் (மூக்கின் மேல் இரண்டு லென்ஸ்களையும் இணைக்கும் பகுதி) ஒரே வார்ப்பாக இருக்கும் பிளாஸ்டிக் ஃபிரேமை எடுத்தால், நாள் முழுக்கத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர்களுக்கு, தனியாக வளைத்துச் சரிசெய்யக்கூடிய சிலிக்கோன் மூக்குத் தாங்கிகள் வைத்த உலோக ஃபிரேம் நல்லது. பிளாஸ்டிக்தான் பிடிக்கும் என்றால் தாங்கிப் பகுதி உயர்த்தி வைத்த மாடலைக் கேளுங்கள்.

அந்தப் பாலம் அழகுக்கும் உதவும். தாழ்வாக உட்காரும் பாலம் நீண்ட மூக்கைக் குறுக்கிக் காட்டும். உயர்ந்து நிற்பது சிறிய மூக்கை நீட்டிக் காட்டும். கண்கள் நெருக்கமாக இருப்பவர்களுக்கு மெல்லிய, நிறமில்லாத பாலம். விலகி இருப்பவர்களுக்குத் தடித்த, அடர்நிறப் பாலம். வட்ட முகம், சதுர முகம் என்று பார்ப்பதைவிட இது எவ்வளவோ பயன்படும்.

போட்டுப் பார்க்கும்போது நன்றாகச் சிரித்துப் பாருங்கள். கன்னம் எழும்பி ஃபிரேமைத் தூக்கினால் அதைத் திருப்பி வைத்துவிட வேண்டியதுதான். இமை முடி லென்ஸில் உரசினாலும் அப்படியே. ஃபிரேமின் மேல் விளிம்பு புருவத்தின் போக்கிலேயே போனால் நல்லது. புருவத்துக்குக் கீழே இன்னொரு புருவம் வரைந்ததுபோல நின்றால் முகம் எப்போதும் கோபமாகத் தெரியும்.

பவரை மறந்து ஃபிரேம் எடுப்பவர்கள் நிறையப் பேர். கிட்டப்பார்வைக்கான மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும். ஃபிரேம் பெரிதாகப் பெரிதாக அந்தத் தடித்த ஓரம்தான் வெளியே தெரியும். மைனஸ் 5, 6 என்று இருப்பவர்கள் சிறிய, கொஞ்சம் வட்டமான ஃபிரேம் எடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். விளிம்பு கனமான பிளாஸ்டிக் என்றால் மிச்சத் தடிப்பும் அதற்குள் மறைந்துவிடும். விளிம்பே இல்லாத ரிம்லெஸ் இவர்களுக்கு வேண்டாம். தூரப்பார்வைக்கான பிளஸ் லென்ஸ் நடுவில் தடித்தது, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும். அதற்கும் சிறிய ஃபிரேமே நல்லது. 1.67, 1.74 என்று ஒளிவிலகல் எண் கூடிய மெல்லிய லென்ஸ்கள் இருக்கின்றன. ஆனால் பெரிய ஃபிரேமை எடுத்துவிட்டு அதற்காகவே விலை உயர்ந்த லென்ஸைத் தேடுவது எனக்கு என்னவோ தலைகீழாகப் படுகிறது.

வெள்ளெழுத்து வந்து புரோகிரசிவ் லென்ஸ் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தூரம், நடுத்தூரம், படிப்பது எல்லாம் அதில் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும். ஒட்டிய, உயரம் குறைந்த ஃபிரேமை எடுத்தால் வெட்டுப்படுவது படிக்கும் பகுதிதான். லென்ஸின் உயரம் 30 மில்லிமீட்டரையாவது ஒட்டி இருக்கட்டும்.

குழந்தைகளுக்கு, வளரும் பிள்ளை என்று பெரிதாக வாங்காதீர்கள். மூக்குத்தண்டு இன்னும் எழும்பியிருக்காது. கண்ணாடி சரிந்து, பிள்ளை அதன் மேல் வழியாகத்தான் பார்க்கும்.

இன்னொரு சங்கடம் இருக்கிறது. கடையில் ஃபிரேமில் இருப்பது பவர் இல்லாத மாதிரி லென்ஸ். மைனஸ் 4 உள்ளவருக்கு அதைப் போட்டால் 25 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாமே கலங்கல். நிலைக்கண்ணாடியில் தன் முகமே தெரியாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? கைபேசியில் படம் எடுத்து, பழைய கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள். செல்ஃபி வேண்டாம், அவ்வளவு பக்கத்தில் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். கூட வந்தவரை இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சிரித்து ஒன்று.

லென்ஸ் போட்டு வந்ததும் அப்படியே வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். எடை மாறியிருக்கும், மறுபடி பொருத்த வேண்டும். காதின் உச்சியைத் தாண்டியவுடனே கம்பி வளைய வேண்டும். முன்னாலேயே வளைந்தால் காது வலிக்கும், தள்ளி வளைந்தால் நழுவும். குனிந்து தலையை ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் ஏறி நின்றால் ஃபிரேம் கோணல் என்று நினைக்க வேண்டாம். இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லாதவர்கள் ஏராளம். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிரேம் என்றால் சூடுகாட்டி வளைத்துவிடலாம், உலோகம் என்றால் குறடு போதும். ரப்பர்போல வளையும் சில பிளாஸ்டிக் ஃபிரேம்கள் மட்டும் பிடிகொடுக்காது. அவற்றை எடுப்பதானால், போட்ட முதல் நிமிடத்திலேயே சரியாக உட்கார வேண்டும். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பி எடுக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.