ஹத்தீன்: ஊற்றை விட்டுப் புறப்பட்ட படை

அவைக்கு வணக்கம். சிலுவைப் போர்கள் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ஜெருசலேமை முஸ்லிம்களிடமிருந்து மீட்க வேண்டும் என்று 1095-இல் போப் இரண்டாம் அர்பன் முழங்கியதில் தொடங்கி, 1291-இல் அக்கோ நகரம் வீழ்ந்தது வரை ஏறத்தாழ 200 ஆண்டுக் கதை அது. எனக்கு முன்னால் வைத்திருக்கும் கடிகாரமோ ஒரு மணி நேரத்துக்கு மேல் இடம் தராது. ஆகவே ஒரே ஓர் இரவையும் அடுத்த இரண்டு பகல்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1187 ஜூலை 2. நாசரேத்துக்கு அருகே சஃபூரியா என்ற இடம். நல்ல ஊற்றுகள் உண்டு. சிலுவைப் போர் வீரர்கள் அமைத்த ஜெருசலேம் நாட்டின் மன்னர் கீ தெ லூசிஞான், கோட்டைகளில் இருந்த காவலர்களையும் வழித்தெடுத்து, சுமார் 20,000 பேரை அங்கே திரட்டியிருக்கிறார். கவசமணிந்த குதிரை வீரர்கள் மட்டும் ஏறத்தாழ 1,200. அப்போது செய்தி வருகிறது: எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுத்தீன், கலிலேயா ஏரிக்கரையிலுள்ள திபேரியா நகரைப் பிடித்துவிட்டார். உள்கோட்டையில் அகப்பட்டிருப்பவர் எஸ்கீவா, திரிப்போலிப் பிரபு ரேமண்டின் மனைவி.

உடனே போய் மீட்க வேண்டும் என்று துடித்திருக்க வேண்டியவர் ரேமண்ட்தான். அவரே வேண்டாம் என்றார். ஊர் என்னுடையது, உள்ளே இருப்பவள் என் மனைவி. இருந்தும் சொல்கிறேன், இந்தத் தண்ணீரை விட்டு நகராதீர்கள் என்றார். மன்னரின் போர் ஆலோசனைக் குழு ஒப்புக்கொண்டது. நள்ளிரவில் டெம்ப்ளர் துறவி வீரர்களின் தலைவர் ஜெரார்ட் தனியாக மன்னரின் கூடாரத்துக்குள் நுழைந்தார். அந்தத் துரோகியின் பேச்சையா கேட்கிறீர்கள் என்றார். காரணம் இருந்தது. ரேமண்ட் சிறிது காலம் முன்பு வரை சுல்தானோடு சமாதான உடன்படிக்கை வைத்திருந்தவர். அதன்படி அவர் வழிவிட்ட படையோடு மோதித்தான், மே மாதம் ஜெரார்ட் தம் வீரர்களைப் பலி கொடுத்துவிட்டுத் தாம் மட்டும் ஒரு சிலரோடு தப்பி வந்திருந்தார். விடிந்ததும் படை புறப்பட்டது.

மன்னர் கீயை முட்டாள் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1183-ஐப் பாருங்கள். அப்போதும் சலாஹுத்தீன் படையெடுத்து வந்தார். தொழுநோயாளியான மன்னர் நான்காம் பால்ட்வினுக்குப் பதிலாகப் படையை நடத்தியவர் இதே கீ. ஊற்றோரம் பாளயம் போட்டு, சண்டைக்கு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். எதிரி சலித்துத் திரும்பிப் போனான். இதற்குக் கிடைத்த பரிசு என்ன? கோழை என்ற பட்டம். ஆட்சிப் பொறுப்பும் பறிபோயிற்று. சரியாகச் செய்து உதைபட்டவர், மறுபடி அதே சரியைச் செய்வார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

ஜூலை வெயில். இரும்பு வளையச் சட்டை, அதற்குள்ளே பஞ்சு தைத்த அங்கி. ஒரு போர்க்குதிரைக்கு அந்த வெயிலில் நாளொன்றுக்கு 30 லிட்டராவது தண்ணீர் வேண்டும். வழியில் தூரான் என்ற இடத்தில் ஓர் ஊற்று இருந்தது. படை அதைத் தாண்டிப் போயிற்று. தாண்டியதும் சுல்தானின் குதிரைப்படை பின்னால் வந்து வழியை அடைத்தது. அன்றிரவு தண்ணீரில்லாத மேட்டில் தங்கினார்கள். எதிர்ப்பக்கத்தில் ஏரித் தண்ணீர் தோல்பைகளில் ஒட்டகமேறி வந்துகொண்டிருந்தது. 70 ஒட்டகங்கள் அம்புகளையே சுமந்து நின்றனவாம். மறுநாள் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். வறண்ட தொண்டைக்குள் புகையும் போயிற்று. காலாட்கள் ஹத்தீன் குன்றின் மேல் ஏறிக்கொண்டு, மன்னர் அழைத்தும் இறங்கி வரவில்லை.

சுல்தானின் மகன் அல்-அஃப்தல் அன்று தந்தையின் பக்கத்தில் இருந்தார், பதின்வயதுப் பையன். அவர் சொன்னதை அக்கால வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதி வைத்திருக்கிறார். எதிரிகள் பின்வாங்கியதும், ஜெயித்துவிட்டோம் என்று பையன் கத்துகிறான். "பேசாமல் இரு! அந்தக் கூடாரம் விழும்வரை நாம் ஜெயிக்கவில்லை" என்கிறார் தந்தை. சொல்லி வாய் மூடுவதற்குள் மன்னரின் கூடாரம் சரிகிறது. சுல்தான் குதிரையிலிருந்து இறங்கி, தரையில் நெற்றி வைத்து, ஆனந்தத்தில் அழுகிறார். மூன்றே மாதத்தில், அக்டோபர் 2 அன்று, ஜெருசலேம் அவர் கைக்கு வந்தது.

அதற்கு முன், போர் முடிந்த அதே நாளில், கைதான கீயைத் தம் கூடாரத்தில் உட்கார வைத்துப் பனிக்கட்டியில் குளிர்ந்த நீரைக் கொடுத்தார் சுல்தான். கைதிக்கு உண்ணவோ குடிக்கவோ கொடுத்துவிட்டால் அவன் உயிருக்கு அபயம் தந்ததாகப் பொருள். அரபு வழக்கம் அது. கீ குடித்துவிட்டு, மிச்சத்தைப் பக்கத்தில் தம்மோடு கைதாகியிருந்த பிரபு ரெனால்டிடம் நீட்டினார். உடன்படிக்கைக் காலத்தில் வணிகர் கூட்டத்தைக் கொள்ளையடித்தவர் இந்த ரெனால்ட். அவரைத் தம் கையாலேயே கொல்வதாகச் சுல்தான் சபதம் செய்திருந்தார். மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்: "இவனுக்குத் தண்ணீர் கொடுத்தது நான் அல்ல, நீங்கள்தான் என்று மன்னரிடம் சொல்."