ஜேம்ஸ் பீட்டர்ஸை உட்கார வைத்தது எதற்காக? உங்கள் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. போன வீடியோவில் இங்கிலாந்து ரக்பி அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் என்று ஜேம்ஸ் பீட்டர்ஸ் பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். "தென்னாப்பிரிக்காவோடு ஆடும்போது அவரை எடுக்கவில்லையாமே, நிறம்தான் காரணமா, இல்லை ஆட்டம் சரியில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நிறம்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1906 மார்ச்சில் ஸ்காட்லாந்துக்கு எதிராக எடின்பரோவில் முதல் ஆட்டம், இங்கிலாந்து 9-3 என்று ஜெயிக்கிறது. அடுத்து அதே மாதம் பாரிஸில் பிரான்ஸோடு ஆட்டம், அதில் ட்ரை அடிக்கிறார், அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கிறார். அக்டோபரில் தென்னாப்பிரிக்க அணி சுற்றுப்பயணம் வருகிறது. டெவன் மாவட்ட அணியில் பீட்டர்ஸ் நிற்பதைப் பார்த்துவிட்டு ஆட மாட்டோம் என்று முரண்டு பிடிக்கிறார்கள், சமாதானம் பேசித்தான் களத்தில் இறக்க வேண்டியிருந்தது. டிசம்பர் 8-ம் தேதி அதே அணியோடு இங்கிலாந்து ஆடுகிறது, பீட்டர்ஸ் இல்லை. ஆட்டம் 3-3 சமன். ஆட்டம் சரியில்லை என்று கழித்துக்கட்டிய ஆளாக இருந்தால், இரண்டே மாதத்தில் அயர்லாந்தோடு ஆடத் திரும்பக் கூப்பிடுவார்களா? 1907 மார்ச்சில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இன்னொரு ட்ரையும் அடித்தார்.

அவர் எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்தால் இன்னும் உறைக்கும். 1879-ல் சால்ஃபோர்டில் பிறந்தவர். அப்பா ஜமைக்காக்காரர், சர்க்கஸில் சிங்கம் பழக்குபவர், கூண்டுக்குள்ளேயே சிங்கம் அடித்து இறந்துபோனார். பையனும் இன்னொரு சர்க்கஸில் சேணமில்லாமல் குதிரையேறி வித்தை காட்டினான், 11 வயதில் கை உடைந்ததும் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் லண்டனில் அனாதை இல்லம், அங்கேதான் ரக்பி. பிரிஸ்டலில் ஆடினார், பிறகு பிளிமத்துக்குப் போய்ப் பகலில் தச்சு வேலை, சனிக்கிழமை ஆட்டம் என்று வாழ்ந்தார். ஃப்ளை ஹாஃப், அதாவது பந்து கைக்கு வந்ததும் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கிற இடம், அதை இவரிடம் கொடுத்திருந்தார்கள்.

இங்கிலாந்துக்கு மொத்தம் 5 ஆட்டம்தான், கடைசி 1908-ல் வேல்ஸோடு. 1910-ல் கப்பல் பட்டறை விபத்தில் மூன்று விரல்கள் போயின, அதற்குப் பிறகும் ஆடினார் மனுஷன்! ஆனால் 1912-ல் பணம் வாங்கினார் என்று, ஆட்டத்தை நடத்தும் சங்கமான ரக்பி யூனியன் அவருக்குத் தடை போட்டது. அன்றைக்கு விளையாடிக் காசு வாங்குவது அங்கே பெரிய குற்றம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குச் சரி, தச்சருக்கு எப்படிக் கட்டுபடியாகும்? வடக்கே போய் பாரோ, செயின்ட் ஹெலன்ஸ் அணிகளில் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற தனி வகை ரக்பியை ஆடிவிட்டு, 1914-ல் நிறுத்திக்கொண்டு பிளிமத்துக்கே திரும்பி, 1954-ல் அங்கேயே இறந்தார். அவருக்கு அடுத்து இங்கிலாந்து அணியில் ஒரு கறுப்பின வீரர் வந்தது 1988-ல், கிறிஸ் ஓட்டி. நடுவில் 80 வருடம்.