பாண்டி ஆடினால் படிப்பு வருமா?

அனைவருக்கும் வணக்கம். மயிலாப்பூரில், அதுவும் பரீட்சை நெருங்கும் நேரத்தில், விளையாட்டைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்தத் துணிச்சலுக்கு முதலில் நன்றி.

நான் உடற்கல்வி ஆசிரியர், பிள்ளைகள் 'பி.டி. சார்' என்று சொல்லும் ஆள். பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது, "மூளைக்கு ஏதோ எக்சர்சைஸ் இருக்காமே, சார்?" வலது கையால் இடது முழங்காலைத் தொடுவது, காற்றில் படுத்த எட்டுப் போடுவது, காறை எலும்புக்குக் கீழே விரலால் அழுத்துவது. இவற்றை 1980களில் கலிபோர்னியாவில் பால் டென்னிசனும் அவர் மனைவியும் 'பிரெயின் ஜிம்' என்று தொகுத்தார்கள். இதனால் மூளையின் இரு பாதியும் சேர்ந்து வேலை செய்யும், வாசிப்பு வரும் என்கிறார்கள். இரு பாதியையும் தடித்த நரம்புக் கற்றை ஒன்று ஏற்கெனவே இணைத்துத்தான் வைத்திருக்கிறது. வாசிப்பு வருவதற்கும் ஆய்வுகளில் உருப்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. செய்தால் கெடுதல் இல்லை, பிள்ளைகள் சிரிப்பார்கள். ஃபீஸ் மட்டும் கட்டாதீர்கள்.

சரி, உடம்புக்கும் படிப்புக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. எழுதச் சிரமப்படும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இடது கை நோட்டைப் பிடிக்காமல் தலைக்கு முட்டுக் கொடுத்திருக்கும். நோட்டு நழுவும். அழுத்துகிற அழுத்தில் பென்சில் முனை உடையும். நாலு வரிக்குள் உடம்பே பெஞ்சில் சாய்ந்துவிடும். முதுகும் தோளும் உறுதியாக நின்றால்தான் விரல் நுணுக்கமாக ஓடும். நாமோ 'கவனமே இல்லை' என்று திட்டுகிறோம். நிமிர்ந்து உட்காருவதற்கே அதன் கவனமெல்லாம் செலவாகிறது.

இதற்கு நம் தெருவிலேயே மருந்து இருந்தது. தரையில் கட்டம் போட்டு நொண்டியடிக்கும் பாண்டி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில்லை, அதாவது ஓட்டுத் துண்டை, மூன்றாம் கட்டத்தில் போட வேண்டும். கோட்டில் விழுந்தால் அவுட். கை தன் வேகத்தை அளக்கப் பழகுகிறது. நொண்டியடித்து அந்தக் கட்டத்தைத் தாண்ட வேண்டும். திரும்பி வரும்போது ஒற்றைக் காலில் நின்றபடி குனிந்து சில்லை எடுக்க வேண்டும். கஷ்டமே அங்கேதான். தலை கீழே போய் மேலே வரும்போது உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களின் திரவம் அசைகிறது. அந்தச் சேதியும் கணுக்காலிலிருந்து வரும் சேதியும் சிறுமூளைக்குப் போய், உடம்பு கணத்துக்குக் கணம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. எந்தக் கட்டம் பாக்கி, யார் முறை என்பதையும் மனதில் வைத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் செலவு ஒரு சாக்பீஸ்.

இது பழம்பெருமைப் பேச்சு என்று நினைக்காதீர்கள். 1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையிலும் தரையில் ஒரு கோடு உண்டு. பிள்ளை அதன்மேல் அடிமேல் அடி வைத்து நடக்கும். பழகியதும் கையில் தண்ணீர் நிறைந்த டம்ளர், அப்புறம் சத்தம் வரக்கூடாத மணி. எழுத்துக்கு முன்னால் உடம்பைப் பழக்குவதை அவர் பாடமாகவே வைத்திருந்தார்.

5 வயதிலிருந்து 17 வரை தினமும் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பள்ளிகளில் வாரத்துக்குக் கிடைக்கும் இரண்டு பி.டி. பீரியடில் ஒன்றை மேத்ஸுக்குக் கடன் வாங்கிவிடுகிறார்கள். திருப்பித் தந்து நான் பார்த்ததில்லை. விளையாட்டு நேரத்தைக் கூட்டிய பள்ளிகளில் அதனால் மதிப்பெண் சரிந்ததாக ஆய்வுகள் சொல்லவில்லை. மேத்ஸ் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் விளையாட்டுக்கு விட்டுவிடாதீர்கள். ஏழு வயதாகியும் சட்டைப் பொத்தான் போட, பந்து பிடிக்க, படி இறங்கத் திணறினால் அது சோம்பல் இல்லை. உடல் ஒருங்கிணைப்பில் குறைபாடு நூற்றில் 5, 6 பிள்ளைகளுக்கு உண்டு. 40 பேர் வகுப்பில் இரண்டு பேர். குழந்தை மருத்துவரிடமும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமும் காட்டுங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, பெரிய செலவு ஆகாது.

மற்றவர்கள் இன்றைக்கே பார்க்கிங்கில் எட்டுக் கட்டம் போடுங்கள். அசோசியேஷனில் ஆட்சேபம் வரும், தரை பாழாகிறது என்பார்கள். சாக்பீஸ்தான், ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும் என்று சொல்லுங்கள். செயலாளரையும் ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள், முழங்கால் ஒத்துழைத்தால் வருவார்.