அலங்காரத்துக்கு முன்னால் வெப்பமானி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டிலேயே கேக் செய்து, கொண்டாட்டத்துக்கு ஏற்றபடி அலங்கரித்துக் கொடுப்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்து ரசிக்க வேண்டிய ஒரு பொருளைப் பற்றி வானொலியில் பேசுவது சற்று வேடிக்கைதான். ஆனால் படம் இருந்தால் எல்லோரும் மேலே இருக்கும் கிரீம் ரோஜாவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். படம் இல்லாதபோதுதான் அந்த ரோஜா ஒரு வீட்டில் ஏன் நிமிர்ந்து நிற்கிறது, இன்னொரு வீட்டில் ஏன் சரிந்து வழிகிறது என்று பேச வாய்ப்புக் கிடைக்கிறது.

அதற்குக் காரணம், பெரும்பாலும் கைத்திறன் அல்ல, வெப்பம் என்பதே என் கருத்து. வெண்ணெயின் வெப்பம், ஓவனின் வெப்பம், கிரீமின் வெப்பம், கடைசியில் கேக் வெட்டப்படும் கூடத்தின் வெப்பம் ஆகியவற்றைக் கவனிப்பவருக்குப் பூ வரையும் பழக்கம் தானே வந்துவிடும்; கவனிக்காதவருக்கு கிரீம் பிழியும் நாசில்கள் எத்தனை வாங்கி வைத்திருந்தாலும் பயனில்லை. ஆகையால், யாராவது கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி இதே போல் ஒரு கேக் வேண்டும் என்று கேட்டால், விழா பகலிலா மாலையிலா, திறந்தவெளியிலா மூடிய கூடத்திலா, வெட்டும்வரை மேசையில் எவ்வளவு நேரம் காட்சிக்கு இருக்கும் என்பதையே நான் முதலில் விசாரிப்பேன். நிறமும் வடிவமும் அதற்குப் பிறகுதான்.

வெண்ணெயிலிருந்தே தொடங்குவோம். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைப் பரல்களின் கூர்மையான விளிம்புகள் கொழுப்புக்குள் நுண்ணிய காற்றுக்குமிழிகளைச் செதுக்குகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே அங்கே இருக்கும் குமிழிகளைத்தான் பெரிதாக்குகிறது. எனவே இந்தக் கட்டத்தில் அடைபடாத காற்று பின்னால் எப்படியும் வந்து சேராது. 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை உள்ள வெண்ணெய்தான் இதற்கு ஏற்றது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. உருகத் தொடங்கிவிட்ட வெண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்த வெண்ணெயோ கட்டி கட்டியாகத் திரியும். அடிக்க அடிக்க மஞ்சள் நிறம் வெளுத்து, கலவை இலேசாகிப் பொங்கி நிற்கும்; அதுவே அடையாளம். முட்டையும் அறை வெப்பத்தில் இருந்தாக வேண்டும், ஏனெனில் சில்லென்ற முட்டையை ஊற்றினால் கலவை உடனே திரிந்துபோகும்.

மாவைக் கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுவது நல்லது. ஒரே கோப்பையில் இலேசாக அள்ளிய மைதாவுக்கும் அழுத்தி அள்ளிய மைதாவுக்கும் 30 கிராம் வரை வேறுபாடு வரலாம். அதேபோல், வட்டப் பாத்திரத்தின் அளவை மாற்றும்போது குறுக்களவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது: 6 அங்குலப் பாத்திரத்துக்கும் 8 அங்குலப் பாத்திரத்துக்கும் இடையே வேறுபாடு இரண்டு அங்குலம்தான் என்றாலும், பரப்பளவில் பெரியது ஏறக்குறைய 1.8 மடங்கு. மாவுக்கலவையும் அதே கணக்கில் கூட வேண்டும்.

அடுத்தது ஓவன். குமிழைத் திருப்பி 170 என்று வைத்துவிட்டால் உள்ளே 170 டிகிரி இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். வீட்டு ஓவன்கள் தாம் காட்டும் அளவுக்குக் கூடவோ குறையவோ இருப்பது மிகவும் சாதாரணம். உள்ளே வைக்கக்கூடிய ஒரு சிறிய வெப்பமானி, விலையுயர்ந்த எந்த அலங்காரக் கருவியையும்விட அதிகமாக உழைக்கும். சூடு மிகுந்தால் ஓரங்கள் முதலில் இறுகிவிடும். நடுவில் இன்னும் இளகியிருக்கும் மாவு போக இடமில்லாமல் மேலே குவிந்து வெடிக்கும். அந்தக் குவிந்த தலையைச் சீவி எறிவதைவிட, சூட்டைச் சற்றுக் குறைத்து, பாத்திரத்தின் வெளிச்சுற்றில் நனைத்துப் பிழிந்த தடித்த பருத்தித்துணிப் பட்டையைச் சுற்றி வேகவைத்தால், ஓரமும் நடுவும் ஏறக்குறைய ஒன்றாக எழும்பும். வெந்துவிட்டதா என்று பார்க்கும் ஆவலில் பாதியில் கதவைத் திறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மாவிலுள்ள ஸ்டார்ச்சும் முட்டையின் புரதமும் இறுகி முடிவதற்குள் சூடு குறைந்தால், குமிழிகளின் சுவர்கள் தாங்காமல் நடு அமிழ்ந்துவிடும்.

கேக் நன்றாக ஆறிய பிறகே கிரீம் பூச வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தக் கிரீம் என்பதில்தான் குழப்பம். பட்டர்கிரீமின் உயிர் வெண்ணெய். வெண்ணெய் முழுவதுமாக உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். கூடத்தில் 30 டிகிரியைத் தாண்டினாலே பூவிதழ்களின் விளிம்பு மழுங்கத் தொடங்கிவிடும். வெண்ணெயில் ஒரு பங்குக்குப் பதிலாக ஷார்ட்னிங் என்னும் கெட்டித் தாவரக் கொழுப்பைச் சேர்த்தால் வடிவம் நிற்கும், ஆனால் நாக்கில் மெழுகு படர்ந்தது போன்ற உணர்வு மிஞ்சும். வெப்பமான இடத்துக்கு என் தேர்வு, சூடான பால் கிரீமில் சாக்லேட்டைக் கரைத்துச் செய்யும் கனாஷ்தான். கறுப்புச் சாக்லேட் இரண்டு பங்குக்கு கிரீம் ஒரு பங்கு, வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு என்று செய்து ஓர் இரவு ஆறவிட்டால், கத்தி போல் நேரான விளிம்பு கிடைக்கும். சுவையிலும் குறை சொல்ல முடியாது.

குளிர்ச்சியான கூடமாக இருந்தால் சுவிஸ் மெரிங் பட்டர்கிரீமுக்கு ஈடில்லை. முட்டை வெண்கருவையும் சர்க்கரையையும் கொதிநீர் ஆவியின் மேல் வைத்து, கலக்கிக்கொண்டே 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும். இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் சர்க்கரை நெருடக் கூடாது. பிறகு பாத்திரத்தின் அடியில் சூடே தெரியாத வரை அடித்து, மெரிங் எனப்படும் அந்த வெண்கரு நுரை விறைத்து நிற்கும்போது, வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். பாதி வழியில் கலவை திடீரென்று திரிந்த பால் போல் பிரிந்து நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் மனம் உடைந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். கொட்ட வேண்டாம், தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் தானே சேர்ந்துகொள்ளும். சேராவிட்டால், கலவை சில்லிட்டுவிட்டது என்று பொருள்: ஒரு கரண்டி எடுத்து இளக்கி, மறுபடி ஊற்றி அடிக்கலாம். மாறாகத் தண்ணீராக ஓடினால், சூடு மிஞ்சிவிட்டது: பாத்திரத்தோடு சிறிது நேரம் குளிரில் வைத்து எடுத்து அடிக்கலாம். இரண்டு கோளாறுக்கும் மருந்து வெப்ப அளவிலேயே இருக்கிறது.

எந்தக் கிரீமானாலும், முதலில் மெல்லிய ஒரு பூச்சு பூசி உதிர்த்துகள்களை அடக்கி, அரை மணி நேரம் குளிரவைத்து, அதன் மேல் இரண்டாவது பூச்சைப் பூசினால்தான் பரப்பு துப்புரவாக வரும். கேக்கின் மேல் தகடாகத் தேய்த்துப் போர்த்தும் சர்க்கரை மாவான ஃபாண்டன்ட் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த எண்ணம் கிடையாது. பார்வைக்கு அழகு, உண்மைதான். ஆனால் பலர் அதை உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதையே பார்க்கிறேன். சிறு உருவங்கள் செய்வதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது போதும். ஃபாண்டன்ட் போர்த்திய கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் திறந்து வைத்தால், காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து வியர்த்துக் கொட்டும். பெட்டிக்குள்ளேயே மூடியபடி மெல்ல அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும்.

நிறம் சேர்ப்பதில் பொறுமை தேவை. ஜெல் நிறங்கள் சில மணி நேரத்தில் தாமாகவே அடர்ந்துவிடும். முந்தின நாளே கலந்து வைத்தால் பாதி நிறமே போதும். கறுப்பு வேண்டுமானால் கோக்கோ கலந்த பழுப்புக் கிரீமிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம், இல்லாவிட்டால் புகைப்படத்தில் எல்லோருடைய பல்லும் கறுத்திருக்கும். உருக்கிய சாக்லேட்டில் நீர் சார்ந்த நிறத்தை ஒரு சொட்டுகூட விடக் கூடாது, உடனே கெட்டியாகித் திரண்டுவிடும். அதற்கென்று கொழுப்பில் கரையும் நிறங்கள் தனியே கிடைக்கின்றன.

மின்னும் தூள்களைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நச்சற்றது என்று அட்டையில் அச்சிட்டிருப்பதாலேயே அது உண்ணத்தக்கது ஆகிவிடாது. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்தநாள் கேக்கை உண்ட ஆறு குழந்தைகள் நோயுற்றதும், அதன் மேல் தூவிய தூளில் பெருமளவு செம்பு இருந்ததும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. உண்ணத்தக்கது என்ற சொல்லும் சேர்மானப் பட்டியலும் இல்லாத தூளை வாங்கவே வேண்டாம். இயற்கைப் பூக்களுக்கும் இதே விழிப்பு வேண்டும்; அரளி எவ்வளவு அழகாக இருந்தாலும் கேக்கின் பக்கமே போகக் கூடாது. விருந்தினரில் எவருக்காவது கொட்டை வகைகளோ பாலோ முட்டையோ ஒவ்வாதா என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

குக்கிகளும் கப்கேக்குகளும் தொல்லை குறைந்தவை. முட்டை வெண்கருவும் பொடித்த சர்க்கரையும் கலந்து குக்கியின் மேல் ஊற்றும் ராயல் ஐசிங்கில் கத்தியால் ஒரு கோடு கிழித்தால், அந்தக் கோடு 10 முதல் 15 விநாடிக்குள் மறைந்தால் பதம் சரி. ஈரக்காற்று நாட்களில் உலர நேரம் பிடிக்கும், ஆகவே ஒரு நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது.

அடுக்குக் கேக்குக்கு வருகிறேன். மேலடுக்கின் எடையைக் கீழடுக்கின் கேக் தாங்குவதில்லை; அதற்குள் செருகியிருக்கும் குச்சிகள்தான் தாங்குகின்றன. ஒவ்வோர் அடுக்குக்கும் அடியில் தனித்தனி அட்டை இருக்க வேண்டும். குச்சிகள் அனைத்தும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும், ஒன்று குட்டையானாலும் அடுக்கு அந்தப் பக்கமாகச் சாயும். காரில் கொண்டுபோகும்போது, இருக்கையிலோ மடியிலோ வைக்காமல் சமதளமான தரைப்பகுதியில் வைக்க வேண்டும். முடிந்தால் அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டிகளில் எடுத்துச் சென்று, விழா நடக்கும் இடத்தில் அடுக்குவதே மேல்.

பட்டர்கிரீம் கேக்கைப் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது குளிரிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். சில்லிட்ட வெண்ணெய் வாயில் கரையாது, மணமும் எழாது. புதுப்பால் கிரீம் பூசிய கேக் இதற்கு நேர்மாறு: வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெட்டும்போது, மேலடுக்கை அட்டையோடு தூக்கித் தனியே வைத்துவிட்டு, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டினால் துண்டுகள் சிதையாமல் வரும். அடுத்த அடுக்கைத் தொடுவதற்கு முன் குச்சிகளை எண்ணி எடுத்துவிட வேண்டும். மொத்தம் எத்தனை குச்சிகள் உள்ளே இருக்கின்றன என்று பெட்டியின் மூடியிலேயே எழுதி அனுப்புவது என் வழக்கம். வெட்டுகிறவர் பெரும்பாலும் செய்தவராக இருப்பதில்லை, முதல் துண்டுக்குக் காத்திருப்பவர்களோ பெரும்பாலும் குழந்தைகள்.

வணக்கம்.