மோட்டார் ஓடாத கடற்கரைக் கிராமம்: கிலி ஆயிர் செல்வோருக்கு

(காட்சி: ஞாயிறு மாலை, பெசன்ட் நகர் கடற்கரை)

வணக்கம். சென்னையில் கடல் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு வரும் முதல் கவலை, வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான். அந்தக் கவலைக்கே இடமில்லாத ஒரு கிராமம் இந்தோனேசியாவில், லொம்போக் தீவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிறது. பெயர் கிலி ஆயிர். கிலி என்றால் நமக்கு அச்சம். அங்கு வாழும் சசாக் மக்களுக்கோ சிறு தீவு. ஆயிர் என்பது தண்ணீர்.

கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாக லொம்போக் சென்று, சாலை வழியே பங்சல் படகுத்துறையை அடைந்துவிட்டால், மூன்று கிலித் தீவுகளில் கரைக்கு மிக அருகிலுள்ள இத்தீவுக்குப் படகில் ஏறக்குறைய கால் மணி நேரம்தான். பொதுப் படகு ஆள் சேர்ந்த பிறகே புறப்படும். பிற்பகலில் அலை கூடும் என்பதால் காலையிலேயே துறைக்கு வந்துவிடுங்கள்.

(காட்சி: மணல் பாதை, குதிரை வண்டி)

இறங்கியதும் காதில் விழுவது குதிரையின் மணியோசை. மின்சார இருசக்கர வண்டிகள் அங்கங்கே தென்பட்டாலும், பெட்ரோல் வண்டிகளுக்கு இங்கே அனுமதி இல்லை. பழைய மதராஸின் ஜட்காவை நினைவூட்டும் இந்த வண்டிக்குச் சிடோமோ என்று பெயர். சிகார், டோகார் என்ற இருவகை வண்டிகளின் பெயர்களோடு, காரைக் குறிக்கும் மோபில் என்ற சொல்லையும் சேர்த்து, முதலெழுத்துகளால் அமைத்த பெயர் அது. சக்கரத்தை உற்றுப் பாருங்கள், மாட்டியிருப்பது கார் டயர்.

பயணிகளின் பெட்டி மட்டுமல்ல, தீவுக்கு வந்திறங்கும் சிமெண்ட் மூட்டையும் தண்ணீர்க் கேனும்கூட உச்சி வெயிலில் இந்தக் குதிரைகள் இழுத்துச் செல்லும் சுமைதான். ஆகவே, உருட்டுப் பெட்டியைத் தவிர்த்து, உங்கள் முதுகு தாங்கும் ஒரே பையோடு செல்லுங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெட்டியின் சக்கரம் மணலில் எப்படியும் உருளாது. தீவைச் சுற்றி வர நடையாகவே இரண்டு மணி நேரம் போதும். சைக்கிள் எடுத்தால் சில இடங்களில் தள்ளிக்கொண்டு போக நேரும்.

தென்னந்தோப்புகளுக்கு நடுவே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியர்கள். நீச்சலுடையைக் கடற்கரையோடு விட்டுவிட்டு, தோளும் முழங்காலும் மூடிய உடையில் ஊருக்குள் செல்லுங்கள். பின்னால் மணியோசை கேட்டால், ஓரமாக ஒதுங்கி நின்று குதிரைக்கு வழிவிடுங்கள்.