தேங்காநார்க் கயிறுக்குள்ள பிளாஸ்டிக்! கடல்புல்லுக்கு மூங்கில் சட்டம் கட்டுறது எப்படி?

வணக்கம் மக்களே! பாக் விரிகுடாவுல கடல்புல் நடுறதுக்கு மூங்கில் சட்டம் கட்டிக் காட்டுறேன்னு சொல்லியிருந்தேன். சட்டத்துக்குக் குறுக்க கயிறு கட்டி, அதுல புல் நாத்தை முடிஞ்சு, கடலடி மணல்ல பதிக்கிறதுதான் முறை. கட்டத்தான் போறோம். ஆனா அதுக்கு முன்னாடி இந்தக் கயிறைப் பத்திப் பேசியாகணும்.

இதோ, கேமராவுக்குக் கிட்ட கொண்டு வர்றேன். பழுப்பு நிறம், சொரசொரப்பு, சீட்டுல "தேங்காய் நார்"னு அச்சடிச்சிருக்கு. இப்போ புரியைப் பிரிக்கிறேன். நடுவுல வெளிர்மஞ்சளா, பளபளன்னு ஒரு இழை ஓடுது பாருங்க. அது நார் இல்ல, பிளாஸ்டிக் நூல். மேல நாரைச் சுத்தி வித்திருக்காங்க. இதைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது.

சோதிக்கிறது ரொம்பச் சுலபம். ஒரு சாண் கயிறு வெட்டி, புரியைப் பிரிச்சு, ஒவ்வொரு இழையா நெருப்புல காட்டுங்க. நார்னா காகிதம் எரியிற வாசனை வரும், மிஞ்சின சாம்பலை விரல்ல தேய்ச்சா தூளாயிடும். பிளாஸ்டிக்னா சுருங்கி, உருகி, நுனியில கெட்டியா ஒரு மணி நிக்கும். அது ஆறின பிறகு நகத்தால நசுக்கினாலும் நசுங்காது. வெளிப்புரியை மட்டும் கொளுத்திப் பார்த்துட்டு சரின்னு விட்டுடாதீங்க, நடு இழைதான் முக்கியம். இன்னொன்னு, கிலோ கணக்குல வாங்காதீங்க. நார் தண்ணியை இழுத்து வச்சுக்கும், ஈரக் கயிறுன்னா தண்ணிக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீங்க. மீட்டர் கணக்குல கேளுங்க. தர மாட்டேன்னா அடுத்த கடை.

"ஒரு நூலுக்கா இவ்வளவு பேச்சு"ன்னு கீழ எழுதப் போறீங்க, தெரியும். ஆவுளியா, அதான் கடல்பசு, எப்படி மேயுதுன்னு நினைச்சுப் பாருங்க. மாடு மாதிரி நுனியைக் கடிச்சுட்டுப் போறதில்ல. மூக்கை மணல்ல புதைச்சு, இலை, தண்டு, வேர் எல்லாத்தையும் சேர்த்துப் பிடுங்கித் திங்கும். அது போன இடத்துல கோடு கோடா மேய்ச்சல் தடம் தெரியும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் திங்கிற உயிர், வேரோட சேர்ந்து எதையெல்லாம் முழுங்கும்? பேராமையும் இதே புல்லைத்தான் மேயுது. மூங்கிலும் நாரும் கொஞ்ச காலத்துல மக்கிப் போகும், அதுக்குள்ள வேர் மணலைப் பிடிச்சிடும். இந்த முறையோட அருமையே அதுதான். நடுவுல பிளாஸ்டிக் நூலை விட்டா எல்லாமே வீண். நைலான் டேக் போட்டுக் கட்டலாமேன்னு கேட்டவங்களுக்கும் இதுதான் பதில். அது இந்தச் சேனல்ல வராது.

சரி, சட்டம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். மூங்கில் 110 சென்டிமீட்டர்ல நாலு துண்டு. மூலையில ஒன்னு மேல ஒன்னு ஏறணும், அதனாலதான் பத்து சென்டிமீட்டர் கூடுதல். முழு மூங்கில் வேண்டாம், நடுவுல பிளந்துடுங்க. ஒவ்வொரு கணுவுக்கும் இடையில காத்து அடைபட்டிருக்கும், முழுசாப் போட்டா சட்டம் மிதக்கும். பிளந்த பிறகும் காய்ஞ்ச மூங்கில் மிதக்கத்தான் பார்க்கும், அதனால நாலஞ்சு நாள் கடல்தண்ணியில ஊறப் போடுங்க. கயிறையும் கூடவே ஊற வைங்க. நனைஞ்ச நார்க்கயிறு உப்பி, நீளம் குறையும். காய்ஞ்சதை விறைப்பா இழுத்துக் கட்டினா உள்ள போனதும் சட்டமே கோணும்.

கயிறு கணக்கு: குறுக்க நாலு வரிசை, 20 சென்டிமீட்டருக்கு ஒன்னு. ஒரு வரிசைக்கு ரெண்டு முனையும் கட்ட 30 சென்டிமீட்டர் சேர்த்து 1.3 மீட்டர், நாலுக்கு 5.2. மூலைக்கு ஒன்னரை மீட்டர் வீதம் 6. ஆக 12 மீட்டர் வாங்கினா ஒரு சட்டத்துக்குப் போதும். ஒரு வரிசைக்கு அஞ்சு நாத்து, மொத்தம் 20 முடிச்சு. நாத்துக் கட்ட மட்டும் மெல்லிசான சணல். சணல் சீக்கிரம் மக்கும், நாத்துக்கு அதுதான் நல்லது, தண்டு பருக்கும்போது இறுக்காது. சட்டத்துக்குச் சணல் போடாதீங்க, புல் பிடிக்கிறதுக்கு முன்னாடியே அறுந்துடும். தேங்காநார்ல லிக்னின்னு நாரைக் கெட்டியா வச்சிருக்கிற பொருள் அதிகம், உப்புத்தண்ணியை நல்லாத் தாங்கும்.

நாத்துன்னா என்ன? மண்ணுக்குள்ள படுத்து ஓடுற தண்டு 10, 15 சென்டிமீட்டர், அதுல மூணு நாலு குருத்து, முன்னாடி வளர்நுனி கண்டிப்பா இருக்கணும். நுனி இல்லாத துண்டு கொஞ்ச நாள் பச்சையா நின்னு ஏமாத்தும், பரவாது. முடிச்சு தண்டு மேல விழணும், இலை மேல விழக் கூடாது. எடுக்கும்போது ஒரே இடத்துல பிடுங்காம, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாத்துன்னு சிதறலா எடுங்க. அப்பதான் தாய்ப் படுகை தாங்கும். எடுத்ததைக் கடல்தண்ணி நிரம்பின தொட்டியில, நிழல்ல வைங்க. வெயில்ல கொஞ்ச நேரம் கிடந்தாலே வேர் போச்சு. குழாய்த் தண்ணியில கழுவவே கழுவாதீங்க. அன்னைக்கு எடுத்ததை அன்னைக்கே நட்டுடணும்.

எந்தப் புல்? நான் சொல்றது சைமோடோசியா செருலேட்டா. பட்டை இலை, நுனியில சின்னச் சின்னப் பல் இருக்கும், தண்டு கெட்டி, முடிச்சைத் தாங்கும். இலை நூடுல்ஸ் கணக்கா உருண்டையா இருந்தா அது சிரிங்கோடியம், அதையும் கட்டலாம். ஆவுளியாவுக்குப் பிடிச்ச ஹேலோபிலாவை ஏன் நடலன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதோட தண்டு நூல் மாதிரி, முடிச்சுப் போட்டாலே ஒடியும். வெறும் மணல்ல முதல்ல முளைக்கிறது அதுதான், இடம் நல்லா இருந்தா தானே வரும்.

ஆங், முக்கியமான ஒன்னு சொல்லாம வந்துட்டேன், அங்கேயே சொல்லியிருக்கணும். நாத்துக் கயிறு நாலையும் சட்டத்தோட அடிப்பக்கம் கட்டுங்க. மேல்பக்கம் கட்டினா மூங்கில் கனத்துக்கு நாத்து மணலைத் தொடாம தொங்கும், மீன் கொத்தியே தீர்த்துடும். தண்டு மணல்ல படணும், லேசா மூடியிருக்கணும், குருத்து மட்டும் வெளியில தெரியணும். நாலு மூலைக்கும் மணல்ல அடிக்க 45 சென்டிமீட்டர் முளைக்குச்சி, பக்கக் கிளையைக் கொக்கி மாதிரி விட்டு வெட்டினது. முளை இல்லாத சட்டம் முதல் அலையடிப்புலயே நகரும்.

இடம் பார்க்கிறது இதைவிடப் பெரிய வேலை. முன்னாடி புல் இருந்து அழிஞ்ச இடமா, ஏன் அழிஞ்சதுன்னு முதல்ல விசாரிங்க. மீனவ அண்ணன்மாருக்குத்தான் அது சரியாத் தெரியும். இழுவை மடி, அதாவது அடியை வாரி இழுக்கிற வலை, இன்னும் ஓடுற இடத்துல நட்டா அடுத்த வாரமே மடியோட வரும். தண்ணி கலங்கியே கிடந்தாலும் வேண்டாம். கடல்புல் பாசி இல்ல, வேர் விட்டு, தண்ணிக்குள்ளயே பூக்கிற செடி. மேல விழுற வெளிச்சத்துல பத்துல ஒரு பங்காவது அடியில போய்ச் சேரணும். வாடைக்காத்து (வடகிழக்குக் காத்து) மாசங்கள்ல பாக் விரிகுடா கலங்கும், அப்போ நடாதீங்க. அதே நேரம் மன்னார் வளைகுடா பக்கம் தெளிவா இருக்கும், அங்க கச்சான் காத்துதான் (தென்மேற்குக் காத்து) பிரச்சினை. ரெண்டையும் ஒரே கடலா நினைச்சு தேதி குறிக்கிறவங்களை எனக்குச் சுத்தமாப் பிடிக்கல.

அனுமதி இல்லாம யாரும் இறங்காதீங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவுகளும் 1986-லேர்ந்து தேசியப் பூங்கா. பாக் விரிகுடாவுல தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் 2022-ல ஆவுளியா காப்பகமாச்சு. வனத்துறையோட, ஆராய்ச்சி செய்றவங்களோட சேர்ந்துதான் செய்யணும். வலையில கடல்குதிரையோ கடல் அட்டையோ வந்தாலும் உயிரோட விட்டுடுங்க, 2001-லேர்ந்து ரெண்டும் சட்டப் பாதுகாப்புல இருக்கு.

நட்ட பிறகு கண்காணிப்புக்கு, பல நாடுகள்ல கடல்புல்லை அளக்கிற சீகிராஸ்-வாட்ச் திட்டத்தோட முறையே எனக்குப் பிடிச்சது. 50 மீட்டர் நூல் மூணு, 25 மீட்டர் இடைவெளியில இணையா. நூல்ல அஞ்சு மீட்டருக்கு ஒரு தடவை அரை மீட்டர் சதுரச் சட்டம் வச்சுப் பார்க்கணும். பூஜ்ஜியத்துலேர்ந்து எண்ணுங்க, ஒரு நூலுக்கு 11, மொத்தம் 33. ஒவ்வொன்னுலயும் எத்தனை சதவீதம் புல் மூடியிருக்கு, என்னென்ன புல், இலை உயரம், பாசி எவ்வளவு, மணலா சேறான்னு எழுதுங்க. கூட ஓரா மீன், நீலக்கால் நண்டு, இறால் குஞ்சு, சங்கு எது தெரிஞ்சாலும் குறிச்சுக்கோங்க. இலை மேல சேறு படிஞ்சிருந்தா கையால லேசா விசிறி விடுங்க, தேய்க்காதீங்க. முடிச்சு அவிழ்ந்த நாத்தைத் திரும்பக் கட்டும்போதும் சணல்தான், அதையும் முதல்ல கொளுத்திப் பார்த்துட்டுக் கட்டுங்க.